மெம்பர் உடன் வர வேண்டும்

ஜனவரி 6

நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது என்று எழுத ஆரம்பிக்கிறேன். இந்த வீட்டில் யார் என்ன செய்தாலும் கடைசியில் பழி இந்தச் சுலோச்சனா தலையில்தான் விடியும். நாளைக்குப் பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டாமா?

இன்று மாமனாரின் ரிசார்ட் கிளப்பிலிருந்து வருடப் பராமரிப்புக் கட்டணம் கேட்டு ஃபோன். மில்லில் ரிட்டையரான பணத்தில் பாதியை அங்கேதான் கொட்டினார். குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்களாம். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதை வாங்கப் போனவர், ஊட்டியில் வருடத்துக்கு ஏழு இரவு வீதம் இருபத்தைந்து வருடம் தங்கும் உரிமையையும் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். என் மாமியார் ஒரே ஒரு தடவை போனார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். ஹாட்பாக்ஸ் இன்னும் இருக்கிறது, மூடிதான் சேராது.

மாமாவுக்கு எழுபத்தாறு. ஹால் மூலையில் கட்டில். காது மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்து தீபாவளியோடு நின்றுவிட்டது. இரண்டு மூன்று தடவை கேட்டார், அப்புறம் அவரே விட்டுவிட்டார். காது கேட்டு இனி எந்த மில்லை ஓட்டப் போகிறார்? எனக்கும் ஒரு விதத்தில் நிம்மதி. ஹாலில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச முடிகிறது. என்ன சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஜனவரி 8

இந்தத் தண்டத்தை விற்றுத் தொலைக்க முடியுமா என்று கிளப்புக்கு ஃபோன் போட்டேன். வாங்க ஆள் கிடையாதாம். ஆனால் அந்தப் பெண் பொறுமையாக எல்லாம் சொன்னாள். மாமா போகாமல் விட்ட மூன்று வருட இரவுகள் கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. அவர் பெயரில் இருப்பது ஸ்டுடியோ, அதாவது ஒரே அறை, மூலையில் சமையல் மேடை. மெம்பர் நேரில் வந்து இறங்கி, அன்றைக்குப் பெரிய அறை காலியாக இருந்தால், எழுபது தாண்டியவருக்குக் காசு வாங்காமலே ஒரு படி உயர்த்திக் கொடுப்பார்கள். ஹால், தனிப் படுக்கையறை, பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி. இதற்குப் பெயர்தான் அப்கிரேடு. கூட வரும் குடும்பத்தாருக்கு வாடகை கிடையாது. வெளியாள் என்றால் ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம், சீசனில் இரண்டு மடங்கு. மெம்பர் இல்லாமல் யார் வந்தாலும் வெளியாள் ரேட்தான்.

"மெம்பர் உடன் வரணுங் மேடம். அது ஒண்ணுதான் ரூல்" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு மூலைக் கட்டிலைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தண்டச்சோறு என்று நினைத்தேனே, மனுஷன் ஒரு சாவி!

ஜனவரி 20

என்னிடம் புடவை வாங்கும் ஜெசிந்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். போத்தனூரில் புருஷன் அந்தோணியோடு பேக்கரி நடத்துகிறாள். ரியா என்று ஆறு வயதில் ஒரு மகள், வாய் ஓயாது. ஊட்டிக்குப் போக வேண்டும், ரூம் விலைதான் கையைக் கடிக்கிறது என்று ரொம்ப நாளாகப் புலம்புகிறாள். வெளியாள் ரேட்டில் பாதி கொடு, படுக்கையறையும் பால்கனியும் கிடைக்கும், கூட என் மாமனாரை மட்டும் கூட்டிக்கொண்டு போ என்றேன். அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அவருக்குக் கட்டில் வேண்டாம், ஹாலில் சோபா போதும் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி பால் கொடுக்க வேண்டாம், எழுந்து எழுந்து போவார்.

ஜனவரி 31

மாமாவுக்குப் பாடம். காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். "இது என் மகள். காதல் கல்யாணம், மதம் மாறிவிட்டாள். இவர்கள் என் குடும்பம். மெம்பர் ரேட் போடுங்கள்." எனக்கு மகள் இல்லையே அம்மிணி என்றார். ஊட்டியில் இருக்கிறாள் என்று எழுதிக் காட்டினேன்.

சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு வரும் என்பார்கள். அதனால் பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.

என் வீட்டுக்காரர் பூபதி அவரைக் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மகன் என்று தெரிந்தால், அப்புறம் இந்த மகள் யார் என்று குடைவார்கள். வாசலில் கேட்டால் டிரைவர் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றார். பூபதியிடம் எனக்குப் பிடித்ததே அந்தச் சரிதான்.

பிப்ரவரி 4

பெரிய அறை கொடுத்துவிட்டார்களாம்! மாமா ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாராம். மகள் என்று சொல்லும்போது கண் கலங்கியதில் கவுண்டரில் இருந்தவர் எழுந்து நாற்காலி போட்டாராம். பூபதி பெயரை டிரைவர் என்று பதிந்து, டிரைவர்கள் தங்கும் கூடத்தில் டீ கொடுத்து அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் சரியில்லை. டீ நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

பிப்ரவரி 7

மாமா திரும்பி வந்துவிட்டார். புது ஸ்வெட்டர், புது மஃப்ளர். சோபாவில் படுக்க விடவில்லை, கட்டிலைக் கொடுத்துவிட்டோம், அப்பாவுக்குத் தினமும் பால் கொடுத்தோம் என்று ஜெசிந்தா பெருமையாகச் சொல்கிறாள். இப்படிக் கெடுத்து அனுப்பினால் இங்கே யார் பார்ப்பது? அப்பாவாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அப்கிரேடு ருசி கண்டுவிட்டாள், அவ்வளவுதான்.

ரியா பேசுவது தாத்தாவுக்குக் கேட்கவில்லை என்று அழுதாளாம். ஊட்டி சேரிங்கிராஸில் ஏதோ கடைக்கு எல்லாரும் போனார்களாம். சாக்லேட்டுக்காக இருக்கும்.

பிப்ரவரி 12

காலையில் மாமா தலையணையில் சாய்ந்தபோது அவர் காதோரம் கீச்சென்று ஒரு சத்தம். மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும்.

என் மகள் தாரணி அவர் கட்டிலில் உட்கார்ந்து ரகசியம் மாதிரி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்குச் செவிட்டு அப்பாருவிடம் என்ன பேச்சோ.

மார்ச் 3

ஜெசிந்தா மறுபடியும் கேட்டாள். அப்பா கட்டாயம் வருவாரில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். வராமல்? அவர் இல்லாமல் கதவு திறக்காதே. மாமா அவராகவே பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 15

மதுக்கரைப் பக்கம் ஒரு முதியோர் ஹோம் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தமாக இருக்கிறது. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து இடம் பிடித்து முன்பணம் கட்டியாகிவிட்டது.

அதை ஹாலில் உட்கார்ந்து என் தங்கையிடம் ஃபோனில் சொன்னேன். மாமா பக்கத்தில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மே சீசன் வரைக்கும் வைத்துக்கொள்கிறோம், அதற்குப் பிறகு இந்தச் சாவியால் வேலை இல்லை என்றேன். என் மாமியார் புண்ணியவதி, ஒருவருக்கும் பாரமில்லாமல் போனாள், இவருக்குத்தான் எமன் வழி தெரியாமல் நிற்கிறான் என்றும் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன். தங்கையும் சிரித்தாள்.

மாமா கீரையை முடிக்காமலே எழுந்துபோனார். மத்தியானம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். நல்ல பழக்கம், இப்போதாவது வந்ததே.

ஏப்ரல் 2

தாரணிக்கு ஈரோட்டு ஜாதகம் பொருந்திவிட்டது. மஞ்சள் மண்டி, இரண்டு குடோன், ஒரே பையன். மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் கறாரான ஆள். பெண் வேலைக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதெல்லாம் ஒரு நிபந்தனையா?

இவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஜூனில் சேர வேண்டுமாம். கல்யாணமான பிறகு அவர்களைக் கேட்டுக்கொள் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மூலைக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். கிழவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டாரோ.

ஏப்ரல் 10

ஒரு யோசனை வந்திருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

ஈரோட்டுக்காரர்கள் இதற்கு முன் இரண்டு இடம் பார்த்துத் தட்டிவிட்டவர்கள். பேசி முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று காபியைக்கூடத் தொடாமல் போகிற ரகம். கை நனைத்துவிட்டால் முடிந்த மாதிரி. அப்புறம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கே வாய் வராது. எங்கள் வீட்டு ஹாலில் மாமாவின் கட்டிலையும் கால் ஆடும் நாற்காலிகளையும் பார்த்தால் எங்கே நனைப்பார்கள்?

அதனால் சம்பந்தியம்மாவிடம் ஃபோனில், ஊட்டியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, என் மாமனார் வாங்கிப் போட்டது, மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் வந்து இரண்டு நாள் தங்குங்கள் என்றேன். அந்தம்மா குரலே மாறிவிட்டது. லாட்ஜ் என்றால் வரமாட்டோம், சொந்த வீடு என்பதால் வருகிறோம் என்றார்.

இரண்டு படுக்கையறை வில்லா கிடைத்திருக்கிறது. மே மாதத்தில் ஓர் இரவுக்குக் கணக்கிலிருந்து நான்கு இரவு கழிக்கிறார்கள், கொள்ளைக்காரர்கள். போகட்டும். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி. இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

ஏப்ரல் 11

மெம்பர் உடன் வர வேண்டும். மாமாவுக்கு வெள்ளை வேட்டி இரண்டு எடுத்தேன். செலவுதான்.

மே 8

பாடம் படிக்க உட்கார வைத்தேன். "இவர்கள் என் குடும்பம். மெம்பர் ரேட் போடுங்கள்." இந்தத் தடவை மகள் கதை வேண்டாம், நிஜக் குடும்பம்தானே. தாளைப் பார்த்துவிட்டு, இது நெசந்தானா அம்மிணி என்று கேட்டார். நிஜம்தான் என்று எழுதிக் காட்டினேன். பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். ஒரு தடவை சொன்னார், போதும் என்றார்.

ஜெசிந்தாவும் அதே நாட்களில் ஊட்டிக்கு வருகிறாளாம், ஏதோ லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறாளாம். என் கண்ணில் படாமல் இருந்தால் சரி.

மே 12

நேற்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்குக் கதை கட்டுவார்கள்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வண்டி முன்னால், ஈரோட்டு வண்டி பின்னால். சம்பந்தியம்மா இறங்கியதும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். இது நிறைய வீடுகள் சேர்ந்த இடம், ஒன்று எங்களுடையது, சாவியை மட்டும் இங்கே வாங்க வேண்டும் என்றேன். தலையாட்டினார். ஃபோனில் பேசிக்கொண்டு வண்டியிலேயே இருந்த மாப்பிள்ளை தவிர எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். ஒரு பையன் தட்டில் டீ கொண்டுவந்தான். சென்னியப்பன் ஒரு கோப்பையை எடுத்தார், அந்தம்மாவும் எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நனைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் மாமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்லாருக்கீங்களா, மகள் வரவில்லையா, பேத்தி வரவில்லையா என்று கேட்டார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கை இருக்கிறாளா என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன்.

அப்புறம் அந்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். இவர்களெல்லாம் உங்கள் குடும்பமா என்று.

மாமா எங்களை வரிசையாகப் பார்த்தார். நான் வாயசைத்துக் காட்டினேன்.

"இல்லீங்க" என்றார். "வாடகைக்கு வந்தவங்க. வெளியாள் ரேட் போடுங்க."

பாடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா, குடும்பம், குடும்பம் என்று கத்தினேன். கத்த வேண்டாம், மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அமைதியாகச் சொன்னார். பூபதி முன்னால் போய் அப்பா என்றார். கவுண்டர் ஆள் திரையைப் பார்த்துவிட்டு, இவர் உங்கள் மகனா, இங்கே டிரைவர் என்று இருக்கிறதே என்றார். மாமா மகனை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவருங்க. டிரைவருங்க தங்கற எடத்துல டீ குடுப்பீங்களே, குடுங்க. வெயில்ல வந்திருக்காரு."

பூபதி என் பக்கம் திரும்பவில்லை.

சென்னியப்பன் எழுந்தார். ஊட்டியில் வீடு என்று சொன்னீர்களே என்றார். கவுண்டர் ஆள்தான் இடையில் புகுந்து, இது கிளப்புங்க, மெம்பர் இந்தப் பெரியவர், வெளியாட்களுக்கு இன்றைக்கு ஓர் இரவு பதினெட்டாயிரம், ஒரே ஒரு ஸ்டுடியோதான் காலி என்று விலைப்பட்டியலை நீட்டினார். சம்பந்தியம்மா டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார். நிறையக் கோப்பை, ஒரு சொட்டுக் குறையவில்லை. பெற்றவரே வெளியாள் என்று சொல்கிற வீட்டில் பெண் எடுத்து என்ன பண்ணுவது என்று அந்தம்மா புருஷனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவர்கள் வண்டி கிளம்பிப் போய்விட்டது. மாப்பிள்ளை கீழேயே இறங்கவில்லை.

நான் மாமாவிடம் போனேன். என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்ற ஆத்திரம். சோறு போட்டதற்கு இதுதான் நன்றியா, செவிட்டுப் பிணமே என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவர் காதோரம் கையை வைத்தார். கீச்சென்று சத்தம் வந்தது.

"பிப்ரவரியிலிருந்தே கேக்குது அம்மிணி" என்றார். "அந்த ஜெசிந்தாப் புள்ளை ஊட்டியில பேட்டரி வாங்கிப் போட்டுக் குடுத்தா. ஒரு தடவையாச்சும் நல்லதா ஒரு வார்த்தை காதுல விழுமான்னு பாத்தேன்."

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஹாலில் எத்தனை ஃபோன் பேசியிருப்பேன். கீரை உருவிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. அவரை நினைத்து இல்லை, இவ்வளவு நாள் ஒளித்துவைத்து என்னை முட்டாளாக்கினாரே என்று.

அவர் தாரணியைக் கைகாட்டி, இந்தப் புள்ளை மட்டும் என் பேத்தி, இவளுக்கு மெம்பர் ரேட் போடுங்க என்றார். அவள் பையை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையில் இரண்டு நாள் துணி இல்லை, மொத்தத் துணியும் இருந்தது. என் வயிற்றில் பிறந்தது, ஏறிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா படியில் நின்று திரும்பினார். வா என்று கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். யாராயிருந்தாலும் அந்த நேரத்தில் போயிருப்பார்கள்.

"அந்த ஹோம்ல கட்டுன முன்பணத்தைத் திருப்பி வாங்கீராத அம்மிணி" என்றார். "எடம் இருக்கட்டும்."

டிரைவர்கள் கூடத்தில் பெண்களுக்கு இடமில்லை. நான் காரில் உட்கார்ந்திருந்தேன். பூபதி டீயைக் குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். வெள்ளை வேட்டி இரண்டும் மாமாவோடு போய்விட்டன.

மே 13

மூலைக் கட்டிலைப் பிரித்து மாடிக்கு ஏற்றினேன். ஹால் பெரிதாகத் தெரிகிறது.

மே 22

மாமா போத்தனூரில் ஜெசிந்தா வீட்டு மாடியில் இருக்கிறாராம். பேக்கரியில் காலையில் கல்லாவில் உட்காருகிறாராம். பூபதி இரண்டு தடவை அங்கே போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உள்ளே போகவில்லையாம். ரொட்டி மட்டும் வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

தாரணி ஓசூர் கிளம்பிவிட்டாள். அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 1

ஹோமிலிருந்து ஃபோன் வந்தது. அறை தயார், பெரியவரை எத்தனை மணிக்குக் கூட்டி வருகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் வரமாட்டார், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். வேண்டுமானால் குடும்பத்தில் வேறு ஒருவர் பெயருக்கு மாற்றி வைக்கலாம், எத்தனை வருடமானாலும் செல்லும் என்றாள்.

பூபதியைக் கேட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்டேன். காதில் விழாத மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

போட்ட பணம் வீணாகக் கூடாதல்லவா? என் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள், வயதும் கேட்டாள். அப்புறம் ரூல் ஒன்று இருக்கிறது என்றாள். சேரும்போது சொந்தத்தில் ஒருவர் உடன் வர வேண்டுமாம்.

"உங்க கூட யார் வருவாங்க மேடம்?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.